மூடிய கட்டடத்தில் ஓடும் மீட்டர்

போன வாரம் ஒரு கடன் ஃபைல் என் மேஜைக்கு வந்தது. இங்கே அகமதாபாத்தில் ஓர் ஐந்து மாடி வணிகக் கட்டடம். கீழே கடைகள், மேலே அலுவலகங்கள். பழைய ஏ.சி.க்களை எல்லாம் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், அதற்குக் கடன். பேலன்ஸ் ஷீட், வருமான வரி ரிட்டர்ன், கொட்டேஷன், மதிப்பீட்டாளர் சான்றிதழ் எல்லாம் வரிசையாக இருந்தன. நான் கூடுதலாக இரண்டு விஷயம் கேட்டேன். கடைசி 12 மாதக் கரண்ட் பில். ஒரு வாரத்துக்கு, ராத்திரி கட்டடத்தை மூடிய பிறகு ஒரு மீட்டர் ரீடிங், காலையில் திறக்கும் முன் ஒரு ரீடிங்.

ஃபைலைக் கொண்டுவந்த இளம் அதிகாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சார், இது செக்லிஸ்ட்லயே இல்லையே?"

இல்லைதான். என்னுடைய சொந்த செக்லிஸ்டில் அது ஏறியதே ஒருவருடைய ஏலத் தோட்டம் கைமாறிய பிறகுதான். ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்ட கதை. நம் ஆட்கள் நிறையப் பேர் வெளியூரில் சம்பாதித்து ஊரில் கடை, லாட்ஜ், மண்டபம் என்று கட்டி வைத்திருக்கிறோம். அதனால் உங்களுக்கும் இது பயன்படலாம்.

2017. நான் அப்போது இடுக்கி எல்லையில், குமுளிப் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். போனவர்களுக்குத் தெரியும், கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளா. நடந்தே மாநிலம் மாறலாம். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களில் ஒருவர் 14 அறை கொண்ட லாட்ஜ் வைத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் சார் என்பார்.

ஒருநாள் கையில் பில்லோடு வந்தார். "சார், சீசன் இல்லாத மாசத்துலயும் பில்லு இறங்க மாட்டேங்குது. ஆளே இல்ல, கரண்ட் மட்டும் ஓடுது."

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுடுதண்ணீர் சிஸ்டம் பழசாகிவிட்டது, அதுதான் கரண்டைக் குடிக்கிறது என்று ஒரு டீலர் அவரிடம் சொல்லியிருந்தார். மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர், வெயில் இல்லாத நாளுக்கு அதிலேயே கரண்ட் ஹீட்டர். அதை எடுத்துவிட்டுப் புதுசாக, பெரிசாக வைக்க வேண்டும், வயரிங்கும் மாற்ற வேண்டும். மொத்தம் 9 லட்சத்துக்குக் கொட்டேஷன். நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்ததை எல்லாம் பார்த்தேன். மூன்று வருடக் கணக்கு, அறை நிரம்பும் விகிதம், தவணை கட்டும் சக்தி, அடமானச் சொத்தின் மதிப்பு. எல்லாம் சரியாக இருந்தது. கடனை சாங்ஷன் செய்தேன்.

புதுத் தொட்டி வந்தது. பளபளவென்று இருந்தது. அண்ணன் கூப்பிட்டுக் காட்டி ஏலக்காய் டீயும் கொடுத்தார். ஆனால் பில் இறங்கவில்லை. "மழைக்காலம் சார், வெயில் வந்தா இறங்கும்" என்றார். நானும் தலையாட்டினேன்.

அடுத்த வருடம் 2018. மே மாதம் கோழிக்கோட்டில் நிபா. ஆகஸ்டில் வெள்ளம். இடுக்கி அணையின் செறுதோணி ஷட்டரை 26 வருடங்களுக்குப் பிறகு திறந்தார்கள் என்று டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். மலைப்பாதைகள் சரிந்து கிடந்தன. டூரிஸ்ட் யாரும் வரவில்லை. அறை காலி, தவணை நிற்கவில்லை, கரண்ட் பில்லும் நிற்கவில்லை. 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன். யார் மேலும் கோபப்பட முடியாது, விதி அப்படி. அவர் வங்கிக்குக் கெட்ட பெயர் வேண்டாம் என்று, அப்பா வழியில் வந்த ஒரு ஏக்கர் ஏலத் தோட்டத்தை விற்றுக் கடனை முடித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "வர்றேன் சார்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு டீ கொடுக்க நான்தான் கூப்பிட்டேன். அவர் குடிக்கவில்லை.

2019 மே மாதம் எனக்குப் பாலக்காட்டுப் பக்கம் மாற்றல். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று கோயம்புத்தூர், பொள்ளாச்சி எல்லையை ஒட்டிய பகுதி. எனக்குச் சொந்த ஊரும் அந்தப் பக்கம்தான். மலையிலிருந்து இறங்கிய எனக்கு அடுப்பில் விழுந்த மாதிரி இருந்தது. கேரளா என்றால் எப்போதும் குளுகுளு என்று நினைக்கிற நண்பர்கள் பாலக்காட்டுக் கணவாய்க்கு ஒரு ஏப்ரலில் வந்து பார்க்க வேண்டும். 2024 ஏப்ரலில் அங்கே 41 டிகிரியைத் தாண்டி, வெப்ப அலை எச்சரிக்கையே கொடுத்தார்கள்.

கிளையின் கரண்ட் பில் கையெழுத்துக்கு வந்தது. பெரிய தொகை. முந்தைய மாதங்களும் அதேதான். 'வெயில் ஊர், அப்படித்தான் இருக்கும்' என்று கையெழுத்துப் போடப் போனவன் நிறுத்தினேன். ஜனவரி பில்லும் கிட்டத்தட்ட அதே அளவு. ஜனவரியில் பாலக்காட்டில் கிழக்குக் காற்று வீசும், ராத்திரி நன்றாகவே இருக்கும். பிறகு ஏன்?

அன்று சாயங்காலம் கேஷ் டாலி பண்ணி முடித்ததும் எழுந்துபோய் மீட்டரைப் பார்த்து ஒரு நீள நோட்டில் எழுதினேன். மறுநாள் காலை ஒன்பதரைக்கு மறுபடி பார்த்தேன். 54 யூனிட். ஆளில்லாத, பூட்டிய கட்டடத்தில், பதினைந்தரை மணி நேரத்தில்!

எங்கள் எலக்ட்ரீஷியனை உட்கார வைத்து, ராத்திரி எதெது ஓடும் என்று கணக்குப் போட்டோம். யு.பி.எஸ்., சர்வர் 9 யூனிட். ஏ.டி.எம். எந்திரம், விளக்கு 6. ஏ.டி.எம். அறையில் இரண்டு ஏ.சி. உண்டு, ஒன்று ஓடும்போது மற்றது ஓய்வு, அதற்கு 16. கேமரா, அலாரம், பெயர்ப்பலகை 4. மொத்தம் 35. அப்படியானால் 19 யூனிட் எங்கே போகிறது?

ஏ.சி. மெக்கானிக் வந்தார். இரண்டு ஏ.சி.யையும் மாற்றி மாற்றி ஓடவிடும் டைமரைத் திறந்து பார்த்தார். பார்க்கவே வேண்டியதில்லை, அவருக்கே தெரிந்திருந்தது. "டைமர் போச்சு ஸாரே. போன வருஷமே டைரக்ட் குடுத்தாச்சு."

அதாவது இரண்டும் 24 மணி நேரமும் சேர்ந்தே ஓடிக்கொண்டிருந்தன.

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"ரூம் கூலாத்தானே இருந்துச்சு ஸாரே. யாரும் கம்ப்ளைன்ட் பண்ணலையே."

இதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம். ஏ.சி. வேலை செய்யவில்லை என்றால் அரை மணியில் ஆள் வரும். ஏ.சி. அளவுக்கு மேல் வேலை செய்தால் யாருக்கும் தெரியாது. ஆளுக்கு வேர்க்கிற கோளாறு அன்றைக்கே சரியாகிவிடும். பணம் மட்டும் போகிற கோளாறு வருடக்கணக்கில் சௌக்கியமாக இருக்கும். ராத்திரிக்கு மட்டுமே மாதம் 570 யூனிட்!

இதைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தேன். எழுதியிருக்கிறார்கள், மலை மலையாக. அமெரிக்காவில் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் என்று ஒன்று. அங்கே 1990களின் கடைசியிலேயே, கட்டடத்தின் அளவீடுகளைப் படித்து 'இங்கே ஏதோ தப்பு' என்று சொல்லும் மென்பொருளைச் செய்திருக்கிறார்கள். டாக்டர் நாடி பார்ப்பது போலக் கட்டடத்துக்கு நாடி பார்ப்பது. வெளியே இவ்வளவு வெயில் இருந்தால் இந்தக் கட்டடம் இவ்வளவு கரண்ட் எடுக்க வேண்டும், அதைவிட அதிகம் எடுத்தால் ஏன் என்று கேள். அடிப்படை அவ்வளவுதான். அந்த ஆய்வகத்தின் ஸ்ரீநிவாஸ் கட்டிபாமுலா, மைக்கேல் பிராம்ப்ளி இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், சரியாகப் பராமரிக்காத, தப்பாக இயக்கப்படும் கருவிகளால் வணிகக் கட்டடங்களின் எரிசக்தியில் 15 முதல் 30 சதவீதம் வரை வீணாகிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் இவான் மில்ஸ் 2009இல் 643 கட்டடங்களின் விவரத்தைத் திரட்டினார். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கட்டடங்களைச் சோதித்துக் கோளாறுகளைச் சரிசெய்ததில் எரிசக்தி மிச்சம் நடுத்தரமாக 16 சதவீதம். செய்த செலவு சுமார் 13 மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. கடன் கொடுக்கிற தொழிலில் இருக்கிறவனாகச் சொல்கிறேன், 13 மாதத்தில் முதல் திரும்பும் யோசனையோடு யாரும் என் மேஜைக்கு வந்ததில்லை :-)

இதையெல்லாம் படித்த அன்றைக்குத்தான் லாட்ஜ் அண்ணன் சொன்னது காதில் விழுந்தது. 'ஆளே இல்ல, கரண்ட் மட்டும் ஓடுது.' நோயாளியே நோயைச் சொல்லியிருக்கிறார். நான் கொட்டேஷனைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

போன் செய்யத் தயக்கமாக இருந்தது. தோட்டம் போன பிறகு என்ன முகத்தோடு பேசுவது? இரண்டு நாள் கழித்துச் செய்தேன். ஜூலை மாதம், மழை. 14 அறையில் இரண்டில்தான் ஆள்.

"அண்ணே, ஒரு உதவி. ராத்திரி 11 மணிக்கும் காலையில 5 மணிக்கும் மீட்டரைப் பார்த்து எழுதி வைங்க."

"எதுக்கு சார்?"

"நான் அன்னைக்குக் கேக்காம விட்டதை இன்னைக்குக் கேக்கறேன்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி சார்" என்றார்.

முதல் ராத்திரி ஆறு மணி நேரத்தில் 21 யூனிட். மறுநாள் ராத்திரி மாடியிலுள்ள கரண்ட் ஹீட்டரை மட்டும் ஆஃப் செய்யச் சொன்னேன். 8 யூனிட். ஆக 13 யூனிட் சுடுதண்ணீருக்குப் போகிறது. இரண்டு அறையில் இருப்பவர்கள் ராத்திரி இரண்டு மணிக்கா குளிக்கிறார்கள்? மூன்றாம் ராத்திரி ஹீட்டரை ஆன் செய்துவிட்டு, தொட்டியிலிருந்து கீழே போகும் சுடுதண்ணீர்க் குழாயின் வால்வை மட்டும் மூடச் சொன்னேன். 10 யூனிட்.

தொட்டியில் கோளாறு இல்லை. பழைய தொட்டியிலும் இருந்திருக்காது. குழாயில் ஓட்டை.

பிளம்பரை வைத்துத் தேடினார்கள். கட்டடத்தின் பின்புறம், மலைச்சரிவைத் தாங்குகிற சுவருக்கு உட்புறமாகப் போகிற குழாயில் ஓர் இணைப்பு விட்டிருந்தது. மணிக்கு 50 லிட்டர் போலச் சுடுதண்ணீர் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. மழை ஊர், சரிவு நிலம். ஈரத்தைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்? பைசா மட்டுமா போனது? அந்தத் தண்ணீர் சுவரின் அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. 2018 மாதிரி இன்னொரு மழையில் அந்தச் சுவர் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. 9 லட்சத்துக்கு வாங்கிய புதுத் தொட்டியை அதே பழைய குழாயில்தான் இணைத்திருந்தார்கள். அதற்குக் கடன் கொடுத்தவன் நான்.

குழாயை மாற்றினார்கள். அடுத்த பில் வந்ததும் அண்ணன் போன் செய்தார். மாதம் 1,500 யூனிட் போலக் குறைந்திருந்தது. "ரெண்டு வருஷம் முன்னாடி தெரிஞ்சிருந்தா சார்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நான் என்ன சொல்வது?

நிற்க. இவ்வளவு ஆராய்ச்சி இருந்தும் அது ஏன் குமுளிக்கோ கொழிஞ்சாம்பாறைக்கோ வந்து சேரவில்லை? இத்தனைக்கும் மின்சாரத்துக்கும் அந்த மலைக்கும் உள்ள உறவு பழையது. கேரளத்தின் முதல் நீர்மின் திட்டமான பள்ளிவாசல் 1940இல் மூணாறு பக்கத்தில்தான் வந்தது. இடுக்கி அணையின் தண்ணீர் மூலமற்றத்தில் மலையைக் குடைந்த நிலையத்தில் 780 மெகாவாட் வரை தருகிறது. கரண்டைச் செய்கிற இடத்திலேயே அது எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க ஆளில்லை.

எனக்குத் தோன்றும் காரணங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, ஆராய்ச்சி பெரிய கட்டடத்துக்காகச் செய்யப்பட்டது. நூற்றுக்கணக்கில் சென்சார், கம்ப்யூட்டர் கட்டுப்பாடு, அதைப் பார்க்க ஒரு குழு. இன்ஃபோசிஸ் மாதிரி நிறுவனங்களுக்கு அது முடிந்தது. 2011இல் ஹைதராபாத் வளாகத்தில் ஒரே கட்டடத்தின் ஒரு பாதியில் வழக்கமான ஏ.சி., மறு பாதியில் கூரைத் தளத்துக்குள் குழாய்களில் குளிர்ந்த நீரை ஓடவிடும் முறை என்று வைத்து, பக்கத்தில் பக்கத்தில் அளந்து பார்த்தார்கள். இரண்டாவது பாதி மூன்றில் ஒரு பங்கு போலக் குறைவாக எடுத்தது. 14 அறை லாட்ஜுக்கு இதெல்லாம் ஆகிற காரியமா?

இரண்டு, சட்டமும் பெரியவர்களைத்தான் பார்க்கிறது. எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001இல் வந்தது. கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு 2007இல். அது 100 கிலோவாட் இணைப்புச் சுமைக்கு மேலே உள்ளவர்களுக்கு. 2022 சட்டத் திருத்தம் அந்த வரம்பைக் குறைக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்குக் கொடுத்திருக்கிறது. கேரளத்தில் எரிசக்தி மேலாண்மை மையம் 1996 முதல் இருக்கிறது. ஆனால் எல்லையோர ஊர்களின் ஜவுளிக்கடை, லாட்ஜ், மண்டபம், வங்கிக் கிளையில் பெரும்பாலானவை அந்த 100க்குக் கீழேதான்.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். கட்டடத்தில் இது யாருடைய வேலையும் இல்லை. பில்லைக் கட்டுகிறவர் மீட்டரைப் பார்ப்பதில்லை. மீட்டர் பக்கத்தில் நிற்கிற வாட்ச்மேன் பில்லைப் பார்ப்பதில்லை. மெக்கானிக்குக் கூலாக இருந்தால் போதும்.

நான் தினமும் போகிற வழியில்தான் சி.இ.பி.டி. பல்கலைக்கழகம் இருக்கிறது. 2012 முதல் 2017 வரை இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து நடத்திய கட்டட எரிசக்தி ஆராய்ச்சி மையத்துக்கு, இந்தியப் பக்கம் தலைமை அவர்கள்தான், அந்தப் பக்கம் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம். அந்த கேட்டைக் கடக்கும்போதெல்லாம் நினைப்பேன். அறிவு இந்தச் சுவருக்குள் இருக்கிறது, ஒழுகும் குழாய் குமுளியில் இருக்கிறது. நடுவில் ஒரு நீள நோட்டுதான் குறைவு.

வங்கிக்காரர்களுக்கு இது புரியும். சாயங்காலம் கேஷ் டாலி ஆகாமல் நாங்கள் வீட்டுக்குப் போவதில்லை. பத்து ரூபாய் குறைந்தாலும் உட்கார்ந்து தேடுவோம். அந்தப் பத்து ரூபாய் பெரிது என்பதால் இல்லை. ஒருநாள் விட்டால் மறுநாள் எங்கே போனது என்று கண்டுபிடிக்கவே முடியாது என்பதால். கட்டடத்துக்கும் அதே டாலிதான் வேண்டும். நான் செய்வது மூன்றே விஷயம்.

முதலாவது, கட்டடம் தூங்கும்போது எவ்வளவு எடுக்கிறது என்று பாருங்கள். ராத்திரி ஒன்று, காலை ஒன்று, வார விடுமுறைக்கு ஒன்று என்று ரீடிங். ராத்திரி ஓட வேண்டியவற்றைப் பட்டியல் போட்டுக் கூட்டுங்கள். வித்தியாசம்தான் உங்கள் ஓட்டை.

இரண்டாவது, கட்டடத்தை அதனோடேயே ஒப்பிடுங்கள். பக்கத்துக் கடையோடு வேண்டாம். வெயில் நாளும் குளிர் நாளும் ஒரே அளவு எடுத்தால், சீசனும் சீசன் இல்லாத மாதமும் ஒரே பில் வந்தால், ஏதோ ஒன்று நிற்காமல் ஓடுகிறது.

மூன்றாவது, ஒரு ராத்திரிக்கு ஒன்றை மட்டும் நிறுத்திப் பாருங்கள். இரண்டை ஒன்றாக நிறுத்தினால் எது என்று தெரியாது. மீட்டரைப் பார்ப்பதும் வால்வை மூடுவதும் நாமே செய்யலாம். பேனலைத் திறப்பது எலக்ட்ரீஷியன் வேலை, அதில் கை வைக்காதீர்கள்.

இந்த மூன்றையும் செய்து முடிக்கும் வரை புதுசாக எதையும் வாங்காதீர்கள். கடன் கொடுக்கிறவனே சொல்கிறேன்.

ஆரம்பத்தில் சொன்ன அகமதாபாத் ஃபைல் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. பார்ட்டிக்குக் கோபம், வேறு வங்கிக்குப் போய்விடுவேன் என்கிறார். மேலதிகாரிக்கும் கவலை. போனால் போகட்டும் என்று சொல்கிற இடத்தில் நான் இல்லை, எனக்கும் டார்கெட் உண்டு. ஆனாலும் ரீடிங் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஏ.சி.தான் பழுது என்று தெரிந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் பேசும்போது, வாடகைக்கு விட்ட கட்டடத்தின் மீட்டரை ராத்திரி ஒரு தடவை பார்த்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். அப்பா, மாமா, மச்சான், வாட்ச்மேன், யாராக இருந்தாலும் சரி. குமுளி அண்ணன் லாட்ஜில் இப்போது ரிசப்ஷன் நோட்டுப் பக்கத்தில் இன்னொரு நோட்டும் இருக்கிறதாம். ராத்திரி ரீடிங்கை அவருடைய மகள் எழுதுகிறாள். போன மாதம் பேசும்போது சொன்னார்.